கணக்கு யார் பெயரில்? தென்னாப்பிரிக்கத் தமிழ் வகுப்புகளும் கிளவுட் கருவிகளும்

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு, தன் 6ஆம் பிரிவில், நாட்டில் மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆட்சிமொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. பிள்ளைகள் தமிழ் படிப்பது பெரும்பாலும் கோயில் மண்டபத்திலும் சங்கக் கூடத்திலும் சனி, ஞாயிறுகளில் நடக்கும் வகுப்புகளில்தான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா என்று எந்த ஊரை எடுத்தாலும் இதே ஏற்பாடுதான்: ஒரே ஆசிரியர், ஒரே கூடம், மூன்று வகுப்புப் பிள்ளைகள். அரசுப் பள்ளிக்குப் பின்னால் ஒரு மாகாணக் கல்வித் துறை இருக்கிறது. கணினியைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் இருக்கிறார். சங்க வகுப்புக்கு அப்படி யாரும் இல்லை. கிளவுட் கருவிகளைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காவிட்டால், பெரிய பள்ளிகளுக்கு எழுதிய அறிவுரையைச் சின்ன வகுப்பின் தலையில் கட்டியது போலாகிவிடும்.

கிளவுட், தமிழில் மேகக் கணிமை, என்ற சொல்லைக் கேட்டால் ஏதோ வானத்தில் இருப்பது போலத் தோன்றும். உள்ளதைச் சொன்னால், வேறொருவர் நடத்தும் கணினிக் கூடத்தில் இடத்தையும் மென்பொருளையும் தேவைக்கேற்ப வாடகைக்கோ இலவசமாகவோ பயன்படுத்துவது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2011இல் வெளியிட்ட வரையறை இதை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது: வெறும் கணினி வசதி, அதன் மேல் நிரல் எழுதும் தளம், அதற்கும் மேலே உடனே பயன்படுத்தக்கூடிய மென்பொருள். வகுப்பு நடத்துகிறவர்களுக்கு மூன்றாவது அடுக்கு போதும். கோப்புகளைச் சேமிக்கும் கூகுள் டிரைவ், பாடமும் பயிற்சியும் கொடுத்து வாங்கும் கிளாஸ்ரூம், குழுவாகப் பேசும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் எல்லாம் அந்த அடுக்கில்தான் வருகின்றன. இங்கே நினைத்துப் பெருமைப்பட ஒன்று உண்டு. அமேசானின் வாடகைக் கணினிச் சேவையான ஈசி2, 2006இல் உலகுக்குத் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய குழு வேலை செய்தது கேப் டவுனில்.

கணினிக் கூடங்களும் இப்போது நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2019 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும், அமேசான் 2020 ஏப்ரலில் கேப் டவுனில், கூகுள் 2024 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் திறந்தன. இதைப் படித்துவிட்டு "அப்படியானால் நம் வகுப்புக் கோப்புகளும் ஜோகன்னஸ்பர்க்கில்தான் இருக்கின்றன" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஜோகன்னஸ்பர்க்கில் கூகுள் திறந்தது, நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும் கணினி வசதி. டிரைவிலும் கிளாஸ்ரூமிலும் உள்ள கோப்புகள் வேறு ஏற்பாட்டில் ஓடுகின்றன. எந்த நாட்டில் வைக்க வேண்டும் என்று இலவசப் பயனர் தேர்ந்தெடுக்க வழியில்லை. இது சட்டத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

கணக்கு

சங்க வகுப்புகளில் கிளவுட் தோற்றுப்போவதற்கு நெட் வேகத்தையும் மின்வெட்டையும்தான் எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். அவற்றைவிட அதிகச் சேதம் செய்வது வேறொன்று: எல்லாமே ஓர் ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில் இருப்பது. ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் தன் கணக்கிலேயே பாடத்தாள், வருகைப் பதிவு, தேர்வுத்தாள், பிள்ளைகள் படித்த ஒலிப்பதிவு எல்லாவற்றையும் சேர்க்கிறார். ஐந்தாண்டு கழித்து அவர் வெளியூர் போகிறார், அல்லது உடல் முடியாமல் விலகுகிறார், அல்லது காலமாகிறார். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாத சொந்தக் கணக்கை உள்ளிருக்கும் கோப்புகளோடு சேர்த்து அழிக்கலாம் என்று கூகுள் 2023இல் விதி வகுத்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. டிரைவில் ஒரு கோப்பு பலரோடு பகிரப்பட்டிருந்தாலும் உரிமையாளர் ஒருவர்தான். உரிமையாளரின் கணக்கு போனால் பகிர்ந்தவர்கள் கையில் இருக்கும் இணைப்பும் செத்துப்போகும். ஒரு தலைமுறையின் பாடத்தாள்கள் இப்படிப் போவது கண்ணுக்குத் தெரியாத இழப்பு. மண்டபம் எரிந்தால் ஊரே கூடும், இதற்கு யாரும் கூடமாட்டார்கள்.

ஆகவே முதல் வேலை, சங்கத்தின் பெயரில் கணக்கு. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முறையான, அங்கீகாரம் பெற்ற பள்ளி என்றால் கூகுள் வொர்க்ஸ்பேஸ் கல்விப் பதிப்பின் அடிப்படை வகையையோ மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 365இன் ஏ1 வகையையோ கட்டணமின்றிப் பெறலாம். வார இறுதி வகுப்பு அப்படிப்பட்ட பள்ளி ஆகாது. விண்ணப்பம் திரும்பி வரும் வாய்ப்பே அதிகம். அங்கே சோர்ந்துவிட வேண்டாம். வகுப்பை நடத்தும் சங்கமோ கோயில் அறக்கட்டளையோ 1997ஆம் ஆண்டின் லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்படி சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவாகியிருந்தால், லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான கூகுள் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். கிளாஸ்ரூமும், "ஷேர்டு டிரைவ்" எனும் பொது டிரைவும் அதில் கிடைக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் எழுதும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சான்றிதழில் "சபை" என்றும் விண்ணப்பத்தில் "சங்கம்" என்றும் இருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஒரே சங்கத்தை மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டில் எழுதிப் பழகிய நமக்கு இது அடிக்கடி நேர்வது.

பொது டிரைவின் அருமை இதுதான்: அதில் போட்ட கோப்பு போட்டவருடையது அல்ல, அமைப்புடையது. ஆசிரியர் மாறினாலும் கோப்பு அங்கேயே இருக்கும். இதைச் செய்ய ஒரு டொமைன் பெயர், அதாவது சங்கத்துக்கென்று ஓர் இணைய முகவரி, வேண்டும். அதைச் செயற்குழு உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கார்டில் வாங்கிவிட்டால் அவர் விலகிய மறு ஆண்டு புதுப்பிக்க ஆளிருக்காது. டொமைன் காலாவதியானால் அஞ்சல் நிற்கும், அதோடு உள்நுழைவும் குழம்பும். பொருளாளரின் கணக்குப் புத்தகத்தில் வாடகை, மின்கட்டணம் போல அதையும் ஒரு வரியாக எழுதிவைப்பதே நல்லது.

நிர்வாகி கணக்கு குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், இரண்டு வேறு வீடுகளில் இருக்கும் இருவரிடம். இருபடிச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்று கேட்பது, கட்டாயம். ஆனால் அதற்குக் கொடுக்கும் கைபேசி எண் விஷயத்தில் எச்சரிக்கை தேவை: பயன்படுத்தாமல் விட்ட ப்ரீபெய்ட் எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும், கடவுச்சொல்லை மீட்கும் குறுஞ்செய்தியும் அவருக்கே போகும். கைபேசி கையில் இல்லாதபோது நுழையக் கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு, சங்கத்தின் தீர்மானப் புத்தகம் இருக்கும் பெட்டியிலேயே பூட்டி வைக்கலாம். பழைய முறைதான், ஆனால் வேலை செய்யும் முறை.

பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டுமா? கீழ்வகுப்புகளுக்கு வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சொந்தக் கூகுள் கணக்கைப் பெற்றோர் கண்காணிப்பில்தான் வைத்துக்கொள்ள முடியும். வார நாள் பள்ளி கொடுத்த மின்னஞ்சலோடு தமிழ் வகுப்பின் கிளாஸ்ரூமுக்குள் நுழையப் பார்த்தால் பெரும்பாலும் அந்தப் பள்ளியின் நிர்வாக அமைப்பே தடுத்துவிடும். வகுப்புக் குறியீடு சரியாக இருந்தும் "முடியாது" என்று திரையில் வருவது இதனால்தான். சங்க டொமைனில் திறந்த வகுப்புக்குள் சொந்த ஜிமெயிலோடு வருபவரும் இதே சுவரில் முட்டிக்கொள்ளலாம். சிறியவர்களுக்குப் பாடத்தாளைப் பெற்றோருக்கு இணைப்பாக அனுப்புவது போதும். 13 தாண்டிய பிள்ளைகளுக்குச் சங்கமே கணக்குத் திறந்து கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எவ்வளவு எடை?

டேட்டா விலை இந்நாட்டில் ஏழைக் குடும்பத்தை நேராகத் தொடும் விஷயம். போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் விசாரணை அறிக்கை வெளியிட்ட பிறகே, கைபேசி நிறுவனமான வோடகாம் 30 நாள் 1 ஜிபி விலையை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாக 2020 ஏப்ரலில் குறைத்தது. அதன் பின் விலை இன்னும் இறங்கியது. ஆனாலும் வீட்டில் ஃபைபர் இல்லாமல், அம்மாவின் ஒரே கைபேசியில் இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் ஒவ்வொரு எம்பியும் கணக்குதான்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். குழு வீடியோ அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 600 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு, அதாவது 3600 நொடிக்கு, 21,60,000 கிலோபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 2,70,000 கிலோபைட், அதாவது 270 எம்பி. பிள்ளையின் கேமராவும் திறந்திருந்தால் மறு திசைக்கும் அதே அளவு, மொத்தம் 540 எம்பி. மாதம் நான்கு சனிக்கிழமை என்றால் 2.16 ஜிபி. ஒலி மட்டும் என்றால் நொடிக்குச் சுமார் 80 கிலோபிட். மணிக்கு 36 எம்பி, மாதத்துக்கு 144 எம்பி. கேமராவை மூடச் சொல்வதும், பாடப் பக்கத்தை முந்தின நாளே அனுப்பிவிட்டு ஒலியில் மட்டும் வகுப்பு எடுப்பதும், செலவைப் பதினைந்தில் ஒரு பங்காக்கிவிடுகின்றன.

எழுத்து இன்னும் இலேசு. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி யூடிஎஃப்-8 எனும் சேமிப்பு முறையில் 3 பைட் எடுக்கும், ஆங்கிலத்துக்கு 1. இதைக் கேட்டுத் தமிழ் கனம் என்று நினைக்க வேண்டாம்: ஆயிரம் சொல் கொண்ட தமிழ்ப் பாடம் வெறும் எழுத்தாகச் சுமார் 25 கிலோபைட்தான். அதே பாடத்தைப் புத்தகத்திலிருந்து கைபேசியில் ஐந்து பக்கம் படமெடுத்து அனுப்பினால், பக்கத்துக்கு 3 எம்பி என்றாலும் 15 எம்பி, அதாவது அறுநூறு மடங்கு. படம்தான் வேண்டுமென்றால், கேமராவில் எடுக்காமல் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியைக் கறுப்பு வெள்ளையில் பயன்படுத்தினால் அளவு வெகுவாகக் குறையும்.

உச்சரிப்புப் பாடத்துக்குக் குரல்பதிவே சிறந்தது. இங்குள்ள பிள்ளைகளில் மிகப் பலருக்கு வீட்டு மொழி ஆங்கிலம். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே காதில் விழும். ர, ற வேறுபாடும் அப்படித்தான். நேரலை வீடியோ வகுப்பில் ஒலி சுருங்கி, வெட்டுப்பட்டு வருவதால் இந்த நுணுக்கம்தான் முதலில் தொலைகிறது. பதிவு செய்து அனுப்பினால் பிள்ளை பத்து முறை திருப்பிக் கேட்கலாம். நொடிக்கு 32 கிலோபிட் தரத்தில் பத்து நிமிடப் பதிவு 2.4 எம்பிதான்.

இதனால்தான் கிளவுடை முதலில் ஒரு பாடக் களஞ்சியமாகக் கட்டச் சொல்கிறோம். நேரலை வகுப்பு அதற்கு அடுத்தது. களஞ்சியம் இருந்தால் லெனேசியா ஆசிரியர் செய்த பாடத்தை டர்பனில் பயன்படுத்தலாம். சென்னையில் 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் அயலகத் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தரும் பாடங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் பிள்ளைக்குத் தெரிந்த மாம்பழ அச்சாறும் மழைக்காலக் கடலும் வரும் பயிற்சிகளைச் சேர்க்கலாம்.

தமிழ் எழுத்து எங்கே உடைகிறது

களஞ்சியம் கட்டத் தொடங்கியதும் வரும் முதல் தலைவலி பழைய கோப்புகள். இருபது ஆண்டுக்கு முன் தட்டச்சு செய்த வேர்டு கோப்பை டிரைவில் ஏற்றி, கூகுளின் எழுத்துக் கோப்புக் கருவியான டாக்ஸில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து நிற்கும். கோப்பு கெட்டுவிடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்தவை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடம் ஆங்கில அரைப்புள்ளியின் இடம். அந்த எழுத்துரு கிளவுடில் இல்லாததால் அடியில் இருந்த ஆங்கிலம் வெளியே தெரிகிறது. தீர்வு, எழுத்துருவைத் தேடி அலைவது அன்று; கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவது. அதற்கான மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பாமினிக் கோப்பை டிஸ்கி எனும் இன்னொரு பழைய குறிமுறை என்று தவறாகத் தேர்ந்தெடுத்து மாற்றினால் இன்னொரு வகைக் குப்பை வரும். ஆங்கிலமும் தமிழும் கலந்த கேள்வித்தாள் என்றால் முழுதாக மாற்றக் கூடாது, உண்மையான ஆங்கில வரிகளும் தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் எடுத்து மாற்றி ஒட்ட வேண்டும்.

அச்சுப் புத்தகம் மட்டும் இருந்தால், படத்தை டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கில் டாக்ஸ் கொண்டு திறந்தால் எழுத்தாக மாறும். தமிழும் அதில் உண்டு. ஒரு கோப்பு 2 எம்பிக்குள், பக்கம் நேராக, வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும். டர்பன் வீடுகளில் பத்திரமாக இருக்கும் பழைய வாசிப்புப் புத்தகங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சானவற்றில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை பழைய வடிவில் இருக்கும். படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி இவற்றில் தடுமாறும். தாத்தா பாட்டிக்குப் பழக்கமான அந்த வடிவங்களை அறிந்த ஒருவர் வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அந்த அறிவு உள்ளவர்கள் நம்மிடையே இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் ெ, ே, ை ஆகிய கொம்புகள் இடம் மாறி விழுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அச்சில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. பிடிஎஃப் பார்வை வரிசையைத் தருவதால் வரும் பிழை. ஆகவே பாடத்தின் மூலக் கோப்பை டாக்ஸ் வடிவிலேயே பொது டிரைவில் வைத்து, அச்சிட மட்டும் பிடிஎஃப் எடுக்க வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சேன்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன் போன்றவை டாக்ஸிலேயே கிடைக்கும். எழுத்துப் பழகும் பிள்ளைக்கு அலங்கார எழுத்துரு வேண்டாம். அளவு 18 புள்ளிக்குக் குறையாமல் இருந்தால், கைபேசியில் புள்ளியும் சுழியும் தெரியும்.

கூகுளின் கேள்விப் படிவக் கருவியான ஃபார்ம்ஸில் வைக்கும் வினாடி வினா இன்னொரு பொறி. சிறுவிடைக் கேள்விக்குச் சரியான விடையை எழுதிவைத்தால் கணினியே திருத்தும், ஆனால் அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். பிள்ளை "கொடி" என்று சரியாகவே எழுதியிருக்கும். ஒகர உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். விசைப்பலகையைப் பொறுத்து ஒன்று வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒப்பிடும் முறைக்கு இரண்டும் வேறாகத் தெரியலாம். ஸ்ரீ என்பதற்கும் இரண்டு வகைச் சேமிப்பு உண்டு. ஔகாரத்தின் பின்பாதியை ளகரம் என்று நினைத்துத் தட்டுவதும் நடக்கும். விடையின் முடிவில் விழுந்த இடைவெளி கூடப் பிழையாகலாம். சரியாக எழுதிய குழந்தைக்குக் கணினி சிவப்புக் குறி போட்டால் அந்தப் பிள்ளை தமிழையே குறை சொல்லும். அதனால் கணினி திருத்தும் தேர்வுக்குப் பலவுள் தெரிவு மட்டும். எழுதும் விடையை ஆசிரியர் கண்ணால் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

தட்டச்சைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு எப்போதும் உண்டு. "அம்மா" என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக வரும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை எளிது. ஆனால் தமிழ் எழுத்தையே இப்போதுதான் படிக்கும் பிள்ளைக்கு அது கெடுதல். ஆங்கில எழுத்தில் தமிழை நினைக்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே ஆழமாக இருக்கிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பிள்ளை நோட்டில் கையால் எழுதி, அதைப் படமெடுத்துக் கிளாஸ்ரூமில் ஏற்றட்டும். பிறகு தமிழ்99 விசைப்பலகை: உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம் அமைந்திருப்பதால் உயிர்மெய் உருவாகும் முறையையே விரல்கள் கற்றுக்கொள்கின்றன.

கிளாஸ்ரூமில் பயிற்சித்தாள் இணைக்கும்போது "ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "மாணவர்கள் திருத்தலாம்" என்று விட்டால் இருபது பேரும் ஒரே தாளில் எழுதி ஒருவர் விடையை மற்றவர் அழிப்பார்கள். பயிற்சியை மாணவர்களுக்குக் கொடுத்த பிறகு இதை மாற்றவும் முடியாது, அந்த வேலையை நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் கொடுக்க வேண்டும்.

மின்சாரமும் கடலடிக் கம்பியும்

பகுதி பகுதியாக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங் 2007 முதல் தெரிந்ததுதான். 2023 அதன் உச்சம். நிலை ஒன்றுக்கு 1,000 மெகாவாட் வீதம் குறைப்பார்கள், 6ஆம் நிலை என்றால் 6,000 மெகாவாட். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு நிலைமை வெகுவாகத் தேறியது. ஆனாலும் கம்பித் திருட்டாலும் உள்ளூர்ப் பழுதாலும் மின்சாரம் போவது நிற்கவில்லை. ஃபைபர் வீடுகளில் மின்சாரம் போனாலும் கம்பியில் நெட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அணைவது சுவரில் உள்ள ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும்தான். இரண்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை, சேர்ந்து 10 முதல் 12 வாட். 8,800 எம்ஏஎச் என்று எழுதிய சிறு யூபிஎஸ் ஒன்றில் உள்ள ஆற்றல் 3.7 வோல்ட் கணக்கில் சுமார் 32 வாட்-மணி. இழப்புப் போக இரண்டு, இரண்டரை மணி நேரம் தாங்கும். வாங்குமுன் பெட்டியின் அடியில் வோல்ட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் கருகும். கைபேசிக் கோபுரத்தின் கதை வேறு. அதன் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், ஆனால் அடுத்த வெட்டுக்குள் முழுதாக ஏறாது; அதனால் ஒரே நாளில் இரண்டாம், மூன்றாம் வெட்டில்தான் சிக்னல் சாய்கிறது.

ஆகவே சனிக்கிழமைப் பாடத்தை வெள்ளி இரவே "ஆஃப்லைனில் கிடைக்கச் செய்" என்று கைபேசியில் குறித்துவைக்க வேண்டும். கணினியில் குரோம் உலாவியில் இந்த வசதியை நெட் இருக்கும்போதே இயக்கியிருக்க வேண்டும். மின்சாரம் போன பிறகு தேடினால் கிடைக்காது. ஃபார்ம்ஸ் ஆஃப்லைனில் ஓடாது. கணக்கோடு உள்நுழைந்து எழுதினால் பாதி விடை 30 நாள் வரை வரைவாக நிற்கும், உள்நுழையாமல் எழுதினால் போனது போனதுதான்.

கடலடிக் கம்பிகளும் அறுந்திருக்கின்றன. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் வாக்ஸ், சாட்-3 உள்ளிட்ட நான்கு கம்பிகள் ஒன்றாகப் பாதிக்கப்பட்டன. மே மாதம் கிழக்கில் ஈஸியும் சீகாமும் அறுந்தன. கிழக்கு இரண்டும் குவாசுலு-நட்டாலின் ம்டுன்சினியில் கரையேறுபவை. இப்படிப்பட்ட நாளில் சென்னை ஆசிரியரோடு நடக்கும் நேரலை வகுப்பு திணறும், இறக்கி வைத்த பாடம் திணறாது. சென்னையோடு வகுப்பு வைக்கும்போது நேரம்: இங்கே காலை 10 என்றால் அங்கே பிற்பகல் 1.30, ஆண்டு முழுவதும் இதே இடைவெளிதான்.

சட்டம்

போப்பியா எனப்படும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலாக்கப்படுகிறது. சங்கம் சின்னது என்பதால் அது விலகி நிற்காது. அதன் 34, 35ஆம் பிரிவுகளின்படி 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தகவலைக் கையாளப் பெற்றோர் அல்லது காப்பாளரின் முன்சம்மதம் வேண்டும். நாட்டுக்கு வெளியே தகவல் போவதை 72ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. டிரைவில் வைப்பதே அப்படிப் போவதாக ஆகலாம் என்பதால், சேர்க்கைப் படிவத்தில் எந்தச் சேவையில் வைக்கிறோம், அது வெளிநாட்டில் இருக்கலாம் என்ற இரண்டு வரிகளும் ஒரு கையெழுத்தும் வேண்டும். கோயில் வகுப்பின் பெயர்ப்பட்டியல் பிள்ளையின் மதத்தையும் வம்சாவளியையும் காட்டிவிடும். சட்டம் இவற்றைச் சிறப்புத் தகவல் என்று கூடுதல் கவனத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்து வைப்பது பெரும் தவறு. 13 இலக்க அடையாள எண்ணைக் கேட்கவே கூடாது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைச் சொல்லிவிடும், தமிழ் வகுப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தகவல் கசிந்தால் 22ஆம் பிரிவின்படி நாட்டின் தகவல் ஒழுங்காற்றுநருக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஆண்டு முடிவில், டிசம்பர் விடுமுறைக்கு முன்பே, செய்ய வேண்டியவை சில. விலகிய ஆசிரியர்களையும் வகுப்பு முடித்த பிள்ளைகளையும் பகிர்விலிருந்து நீக்குவது. குப்பைத் தொட்டியைப் பார்ப்பது. அதில் விழுந்தது 30 நாளில் தானாக அழியும். பொது டிரைவையும் சேர்த்து முழு நகல் இறக்குவது. இறக்கும் இணைப்பு நெடுநாள் உயிரோடு இருக்காது என்பதால் வந்ததுமே இறக்கிவிட வேண்டும். நகலை வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்து, அந்த டிஸ்க்கை மண்டபத்தில் வைக்காமல் வேறு வீட்டில் வைப்பது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நட்டாலில் எத்தனை கட்டடங்கள் நீரில் போயின என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியாக, அந்த டிஸ்க்கை நெட் இல்லாத ஒரு கணினியில் செருகி, ஏதாவது ஒரு பாடத்தைத் திறந்து, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா, ஒலிப்பதிவு பாடுகிறதா என்று பார்ப்பது.